மூடியில் தெரிந்த மீசை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி இருக்கிறது. அதன் கேட்டுக்குள் நான் கால் வைக்கக்கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டிருக்கிறார். நான் அங்கே எதையும் திருடவில்லை. யாரையும் அடிக்கவில்லை. (அடிக்கத் தோன்றியது. அது வேறு.) வெளிச்சத்தைச் சரி செய்தேன், அவ்வளவுதான். அன்றைக்கே ஒரு சாரி சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும் என்று என் வீட்டில் சிலர் இன்னும் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை. இதை எழுதுவதும் சாரி சொல்வதற்காக இல்லை.

அப்போது நான் டிப்ளமோ முடித்துவிட்டு காக்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தொழிற்சாலைகளில் தயாராகும் பொருளை ஒவ்வொன்றாகக் கேமரா படம் எடுக்கும். கீறல், சொட்டை இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். இருந்தால் காற்றை ஊதி அந்தப் பொருளைச் சிவப்புத் தொட்டியில் தள்ளும். இந்த மாதிரி மெஷின்களை அமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். எங்கள் முதலாளி பிரகாஷ் சாரும் நானும் இன்னும் இரண்டு பேரும்தான் மொத்தக் கம்பெனி. அடையாள அட்டைகூடக் கிடையாது. நானே திருவள்ளூர் பஜாரில் ஒரு கழுத்துப்பட்டை வாங்கி, அதில் என் ரயில் சீசன் டிக்கெட்டைச் செருகி மாட்டிக்கொண்டு திரிந்தேன். தூரத்தில் இருந்து பார்த்தால் பெரிய எஞ்சினியர் மாதிரி இருக்கும். கிட்டே வந்து படித்தால் வேப்பம்பட்டு ஸ்டேஷன் என்று இருக்கும்.

ட்ரெய்னிங் முடிகிற நேரத்தில்தான் அந்த கும்மிடிப்பூண்டி வேலை வந்தது. அந்தக் கம்பெனியில் பைக்கின் பெட்ரோல் டேங்க் மூடி செய்கிறார்கள். உள்ளங்கை அளவு, நடுவில் லேசாகப் புடைத்து, குரோம் பூசி, தலை வாரிக்கொள்ளலாம் போலப் பளபளவென்று இருக்கும்.

"எஸ்தர், இது பாஸாச்சுன்னா நீ பர்மனென்ட்" என்றார் பிரகாஷ் சார்.

"ஆவலன்னா?"

"அத எதுக்கு இப்ப பேசிக்கினு."

அவர் பேசவில்லை என்றாலும் எனக்குப் புரிந்தது. எங்கள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் பிரிவில் கான்ட்ராக்ட் ஆளாகவே தலை நரைத்தவர். பர்மனென்ட் என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஜெபத்தில்தான் உச்சரிப்போம். நானோ மெஷினைக் கையில் தொடுவதற்கு முன்பே "எனக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது" என்கிற தோரணையில் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன். வெளிச்சம் போடுவது என்றால் பல்பு மாட்டுவது என்றுதான் இந்த ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். சரியாகத் தெரியவில்லையா, இன்னொரு பல்பு. இன்னும் தெரியவில்லையா, பெரிய பல்பு. பளபளப்பான மூடியில் அந்த வேலையே ஆகாது. அது ஒரு கண்ணாடி. எதிரே பல்பு வைத்தால் மூடி தெரியாது, பல்புதான் தெரியும். கண்ணாடி எதைப் பார்க்கிறதோ அதற்குத்தான் வெளிச்சம் போட வேண்டும். மூடியைச் சுற்றிலும் ஒரே மாதிரி வெள்ளையாக ஒரு கூரை கவிழ்ந்திருக்க வேண்டும். அப்போது மூடி முழுவதும் வெள்ளையாகத் தெரியும், கீறல் மட்டும் கருப்பாகத் தெரியும். பத்து வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பத்து வருஷமாக என்னிடம் "மேடம், இன்னொரு லைட்டு போடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தக் கூரையை வெளிநாட்டில் இருந்து வரவழைக்க நாள் இல்லை. "நீயே எதுனா பண்ணு" என்றார் பிரகாஷ் சார். நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா புருஷன், எங்கள் மாமா, கட்டட மேஸ்திரி. வேப்பம்பட்டில் முளைக்கிற வீடுகளில் பாதி அவர் கட்டியது. சித்தாள் தலையில் தூக்குகிற சாந்துச் சட்டி ஒன்றைப் புதிதாகக் கேட்டேன்.

"கேமராவுக்கு சட்டி இன்னாத்துக்கு?"

"கவுத்து வெச்சு நடுவுல ஓட்டை போடணும் மாமா. கேமரா அது வழியா பாக்கும். உள்ள வெள்ளை அடிக்கணும், ஓரத்துல சுத்தி லைட்டு."

"இதுக்கா நீ படிச்ச?" என்றார். ஆனால் சட்டியும் கொடுத்தார், மீந்துபோன பிரைமரும் கொடுத்தார். பளபளப்பு இல்லாத வெள்ளை. அதுதான் எனக்கு வேண்டியது.

சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். புதுச் சுடிதார், கழுத்துப்பட்டை, மடியில் வெள்ளை அடித்த சட்டி. பேசின் பிரிட்ஜில் மாறி கும்மிடிப்பூண்டி வண்டியில் உட்கார்ந்ததும் எதிர் சீட்டு அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "எந்த சைட்டும்மா? ஆள் எடுக்கறாங்களா?"

"நான் எஞ்சினியருமா."

"சரி சரி" என்றார், என்னைப் பாவமாகப் பார்த்து.

சட்டி வேலை செய்தது. நான் எதைப் பற்றியும் அவ்வளவு பெருமைப்பட்டது இல்லை. நல்ல மூடி எல்லாம் பால் மாதிரித் தெரிந்தது, கீறல் விழுந்தது மட்டும் போய்த் தொட்டியில் விழுந்தது. சட்டியின் விளிம்புக்கும் ஓடுகிற பெல்ட்டுக்கும் நடுவே மூடிகள் நுழைவதற்கு இரண்டு விரல் இடைவெளி. அது வழியாக வெளி வெளிச்சம் வரக்கூடாது என்று எல்லாவற்றையும் உள்ளே கருப்பு அடித்த தகரப் பெட்டிக்குள் வைத்து, முன்னாலும் பின்னாலும் கதவு போட்டிருந்தோம்.

பைக் கம்பெனி ஆட்கள் பார்க்க வருகிற நாள் வந்தது. அவர்கள் சரி என்றால்தான் அந்தக் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர், எங்களுக்கு அடுத்தடுத்த மெஷின், எனக்கு வேலை. காலையில் முதலாளி தனசேகரன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தங்கம், மேல் உதட்டில் ஒரு மீசை. மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. முகத்தில் அதற்குத் தனி வரி போடலாம்.

"இன்னாம்மா இது, பீரோ மாரி மூடி வெச்சிகினு கீற? வர்றவங்க இன்னாத்தப் பாப்பாங்க? கதவக் கழட்டு."

"சார், வெளி லைட்டு உள்ள வரும்."

"லைட்டு வந்தா நல்லாத்தான தெரியும்?"

(பாருங்கள். பல்பு.)

பிரகாஷ் சார் எனக்குக் கண் காட்டினார். கழற்றினோம். ஓட்டிப் பார்த்தேன். நல்லவேளை, மெஷினுக்குப் பின்னால் இருந்தது வெறும் சாம்பல் நிறச் சுவர். மூடியின் ஓரத்துக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. எல்லாம் ஒழுங்காகப் பாஸ் ஆனது. "பாத்தியா, இன்னாமோ சொன்ன" என்றார் தனசேகரன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது அந்த இடம் கல்யாண மண்டபம் ஆகியிருந்தது. தனசேகரனின் மச்சான் லோகு, வரவேற்பு ஏற்பாட்டுப் பொறுப்பாளர், தன் முழுத் திறமையையும் காட்டியிருந்தார். மெஷின் முன்னால் குத்துவிளக்கு, ஊதுபத்தி, தேங்காய். விருந்தாளிக்கு என்று ஆளுயர ரோஜா மாலை ஒன்று தாம்பாளத்தில். மூலையில் பெரிய ஃபேன். வீடியோ எடுக்கிறவர் கொண்டுவந்த இரண்டு ஃபோகஸ் லைட். அந்த லைட் இரண்டும் எதன் மேல் விழுந்தது என்று பார்த்தேன். சாம்பல் சுவரைக் காணோம். சுவரை மறைத்து ஒரு ஃபிளெக்ஸ் பேனர் நின்றது. சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, நடுவில் தனசேகரன் சிரிக்கிறார். வருகிறவர்களை வரவேற்கிற பேனர்தான். ஆனால் வருகிறவர்கள் பெயர் கீழே ரேஷன் கடை அறிவிப்பு அளவில் இருந்தது. மேலே முழுக்க முழுக்க முதலாளி. அந்த மீசை மட்டும் என் கை நீளம் இருக்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள் கார் வந்துவிட்டது. பைக் கம்பெனியில் இருந்து மூன்று பேர். அவர்களில் மூத்தவர், நரைத்த தலை, தரப் பிரிவுத் தலைவர். அதிகம் பேசாத ஆள். "ஓட்டுங்க பார்க்கலாம்" என்றார்.

ஓட்டினேன்.

முதல் மூடி தொட்டியில் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது, நான்காவது. உஸ், டொப். உஸ், டொப். காலையில் பாஸ் ஆன அதே நல்ல மூடிகள்.  ஃபேன் சத்தமும் டொப் சத்தமும்தான். பிரகாஷ் சார் முகம் சட்டி மாதிரி வெள்ளையானது.

"எல்லா மூடியும் டேமேஜா?" என்று கேட்டார் பெரியவர்.

"என் ப்ராடக்ட் ஏ ஒன் சார்" என்றார் தனசேகரன். "மெஷின்தான் பேஜாரு. சட்டியக் கவுத்து வெச்சிகினு வித்த காட்டுது இந்தப் பொண்ணு."

 மெஷினை நிறுத்தினேன். கடைசியாக விழுந்த மூடியின் படத்தை ஸ்கிரீனில் பெரிதாக்கினேன். மூடியின் நடுப்பகுதி சுத்தமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கீற்று. அதன் நடுவில் வளைந்து, இரண்டு நுனியும் மேலே தூக்கி, கன்னங்கரேல் என்று ஒரு கோடு. கம்ப்யூட்டர் அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, பெரிய கீறல் என்று எழுதியிருந்தது.

பெரியவர் குனிந்து பார்த்தார். "இது என்ன கோடு?"

"ஓனர் மீசை சார்."

"என்னது?"

நான் கையை நீட்டி மெஷினுக்குப் பின்னால் காட்டினேன். எல்லாரும் பேனரைப் பார்த்தார்கள். பிறகு ஸ்கிரீனைப் பார்த்தார்கள். பிறகு தனசேகரனைப் பார்த்தார்கள். இளையவர் ஒருவர் செருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

"பீஸ் நல்லாத்தான் கீது சார்" என்றேன் தனசேகரனிடம். "உங்க மூஞ்சியத்தான் மெஷின் டேமேஜுன்னு தள்ளுது."

இதைக் கொஞ்சம் நயமாகச் சொல்லியிருக்கலாம் என்று பிரகாஷ் சார் பிறகு சொன்னார். எப்படி? அது மீசை. மெஷின் அதைக் கீறல் என்று நினைத்தது. இதில் நயத்துக்கு எங்கே இடம்?

"பேனரக் கழட்டுங்க" என்றேன்.

லோகு பதறிப்போனார். "இன்னாமா பேசற. மாமா எதிர்க்கவே மாமா படத்த எறக்குவாங்களா? அபசகுனம்மா."

"அப்ப கதவாச்சும் குடுங்க, மாட்டிடறேன்."

"கதவு மேல வடை கீது."

திரும்பிப் பார்த்தேன். கழற்றிய இரண்டு கதவுகளையும் பீப்பாய் மேல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, விருந்தாளிகளுக்கு வடை, கேசரி, காபி எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். நியாயமாகப் பார்த்தால் அங்கேயே நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கிளம்பினால் என் வேலையும் அதே காரில் ஏறிப் போய்விடும். 'வித்த காட்டுது' என்றது வேறு காதிலேயே நின்றது.

என் பையில் ஒரு பெரிய கருப்புத் துணி இருந்தது. கேமரா சரி பார்க்கும்போது வெளிச்சத்தை மறைப்பதற்காக வைத்திருப்பது. அதை எடுத்தேன். ஸ்டூலைப் பேனர் முன்னால் இழுத்துப் போட்டேன், ஏறினேன், தனசேகரன் முகத்தின் மேல் துணியைப் போட்டேன்.

(துணியை மெஷின் மேலேயே போட்டிருக்கலாமே என்று எங்கள் அக்கா இன்றுவரை கேட்கிறாள். போட முடியாது. காற்று ஊதி மூடியைத் தள்ளுவது அந்தப் பின்பக்கம்தான். கதவில் அதற்கு வழி வெட்டியிருந்தோம், துணி தொங்கினால் மூடி அதில் மோதித் திரும்பவும் பெல்ட்டிலேயே விழும். எல்லாரும் எனக்கு யோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள்.)

துணி நிற்கவில்லை. லோகு வைத்த ஃபேன் காற்றில் பறந்து பறந்து விழுந்தது. மூன்று தரம் போட்டேன், மூன்று தரமும் மீசை வெளியே வந்து சிரித்தது. மேலே பாரமாக ஏதாவது வேண்டும். கை எட்டும் தூரத்தில் இருந்தது தாம்பாளம். தாம்பாளத்தில் இருந்தது மாலை. நல்ல கனமான மாலை. எடுத்தேன். பேனரின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு, துணியின் மேல் அழுத்தமாகப் போட்டேன்.

நின்றது.

கீழே இறங்கினேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். மூடிகள் ஓடின. பாஸ். பாஸ். பாஸ். பெரியவர் தன் பையில் இருந்து கீறல் விழுந்த மூடி ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார். அது மட்டும் உஸ், டொப். இன்னொன்று வைத்தார், கண்ணுக்கே தெரியாத மயிரிழைக் கீறல். அதுவும் டொப். மறுபடியும் பாஸ், பாஸ். அவர் தலையை ஆட்டினார். நான் கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டேன். என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் கம்பீரமாக நின்ற நேரம் அது. அந்தக் கம்பீரம் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் இருந்தது.

இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் பார்த்தது இது: கருப்புத் துணி. துணிக்கு மேலே ரோஜா மாலை. மாலைக்கு நடுவே முதலாளியின் நெற்றி மட்டும் கொஞ்சம். கீழே குத்துவிளக்கு, ஊதுபத்திப் புகை, உடைத்த தேங்காய். அதைச் சுற்றிக் கைகட்டி மௌனமாக நிற்கிற பெரிய மனிதர்கள்.

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பேக்கிங் பிரிவு அம்மா ஒருவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "நேத்து கூட நல்லா இருந்தாரே" என்றார். 

"நான் நல்லாத்தான் கீறேன்" என்றார் தனசேகரன் கூட்டத்தின் பின்னால் இருந்து.

அந்த அம்மா போட்ட சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை முழுவதும் எழுத முடியாது. தனசேகரன் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட மாட்டார்கள். சுருக்கமாக, உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போட்டுவிட்டாள், இவள் இனிமேல் இந்தக் கேட்டைத் தாண்டக்கூடாது, சட்டியையும் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றார். பெரியவர் மட்டும் வடையைத் தின்றபடி, "சட்டி இருக்கட்டும்" என்றார்.

"எஸ்தர், நீ கெளம்பு" என்றார் பிரகாஷ் சார் மெதுவாக.

கிளம்பினேன். துணியை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் மறுபடி மீசை தெரியும், மெஷின் தள்ளும். என் வேலையை நானே கெடுப்பேனா?

விஷயம் அதோடு நிற்கவில்லை. ஷிஃப்ட்டுக்கு வந்தவர்களில் யாரோ வாசலில் இருந்தே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஆரம்பாக்கத்தில் இருந்து தனசேகரனின் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய, மாலையோடு, வழி நெடுக அழுதுகொண்டே வந்து அவர் வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறார்கள். லுங்கியோடு கதவைத் திறந்தது அவரேதான். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்களாம். (லோகு சொன்னது. லோகு எதையும் கொஞ்சம் பெரிதாகத்தான் செய்வார், பேனரைப் பார்த்தீர்களே.)

இரண்டு நாள் கழித்து பிரகாஷ் சார் போன் செய்தார். மெஷின் பாஸ். அவர்களுக்கு ஆர்டரும் வந்துவிட்டது.

"ஒரே ஒரு சாரி சொல்லிடு எஸ்தர். அவரு மனசு ஆறிடும். நான் உன்ன பர்மனென்ட் பண்ணிடறேன்."

"மெஷின் பாஸாச்சுன்னா பர்மனென்ட்னு சொன்னீங்க. சாரி சொன்னாத்தான்னு சொல்லல."

"ஒரு வார்த்ததான்மா."

"கதவக் கழட்டினது அவரு. பேனர் வெச்சது அவரு மச்சான். மீச அவரோடது. நான் எதுக்கு சார் சாரி?"

போனை வைத்துவிட்டேன். நைனா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பர்மனென்ட் என்ற சொல் அவர் காதிலும் விழுந்திருக்கும். திட்டுவார் என்று நினைத்தேன்.  "சாரி சொல்லாத" என்றார். "நான் எல்லா கான்ட்ராக்டருக்கும் சொல்லிப் பாத்துட்டேன். எவனும் பர்மனென்ட் பண்ணல."

நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். மாமா இன்னொரு சட்டி கொண்டுவந்து வாசலில் வைத்து, "இந்தா, இத வெச்சு சித்தாள் வேலையாச்சும் பாரு" என்று வெறுப்பேற்றினார். அவர் சைட்டில் ஒரு வாரம் புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றவும் செய்தேன். அப்புறம்தான் பைக் கம்பெனிப் பெரியவர் பிரகாஷ் சாரைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்களுக்குச் சாமான் கொடுக்கிற இன்னும் நான்கு இடத்தில் இதே மெஷின் வேண்டுமாம். "அந்தத் துணி போட்ட பொண்ணையே அனுப்புங்க" என்றாராம். மறுநாள் காலை பிரகாஷ் சார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சாரி பற்றிப் பேசவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. கையில் புது அடையாள அட்டை கொண்டுவந்திருந்தார். இந்த முறை என் பெயர் போட்டது.

கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக்குள் மட்டும் இன்னும் தடை. ஆனால் அந்த மெஷின் மக்கர் செய்தால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். லோகு வீடியோ காலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தனசேகரன் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: என் முகம் ஸ்கிரீனில் தெரியக்கூடாது. சரி என்று என் பக்கத்துக் கேமராவைக் கருப்புத் துணியால் மூடிக்கொண்டு பேசுகிறேன். மெஷினுக்குக் கதவு திரும்ப வந்துவிட்டது. உள்ளே இன்னும் மாமாவின் சட்டிதான்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்காருவோம். மாமா ஒவ்வொரு முறையும் கழுவி வைத்த சில்வர் தட்டைத் தூக்கி, அதில் தன் முகத்தைப் பார்த்து, அலுத்துக்கொண்டு ஓரமாகத் தள்ளுவார்.

"எஸ்தரு, இந்தத் தட்டு டேமேஜு."

நைனா முதலிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவார், அடுத்து நான் என்ன சொல்வேன் என்று தெரியும்.

"தட்டு நல்லாத்தான் கீது மாமா. மூஞ்சிய நவுத்து."